பார்வையற்ற குழந்தையும் தொழில்வழிச் சிகிச்சையும்: ஒரு சிறு வரலாறு



கம்போங் மேடானிலிருந்து பிரிக்ஃபீல்ட்ஸ் போயிருப்பீங்க. அங்கே நடைபாதையில் மேடு மேடாக ஓடு பதித்திருப்பதைக் கவனித்தீர்களா? வெள்ளைக்கோலோடு நடப்பவர்கள் காலால் உணரும் வழி அது. மலாயா பார்வையற்றோர் சங்கம் 1951-இல் தோன்றியது. 1953-இல் கர்னி பயிற்சி மையம் பிரிக்ஃபீல்ட்ஸில் திறக்கப்பட்டது. அதனால்தான் அந்த வட்டாரம் பார்வையற்றோருக்குப் பழகிய இடமானது.

அந்த மையத்தின் நோக்கம் என்ன? பெரியவர்கள் ஒரு தொழில் கற்றுச் சொந்தக் காலில் நிற்க வேண்டும். உலகப் போக்கும் அதுதான். முதல் உலகப் போரில் கண்ணிழந்த வீரர்களுக்காக 1915-இல் லண்டனில் செயின்ட் டன்ஸ்டன்ஸ் தொடங்கியது. 1917-இல் அமெரிக்காவில் தொழில்வழிச் சிகிச்சைக்கென ஒரு சங்கம் அமைந்தது. பெயரில் 'தொழில்' இருப்பதால் இது வேலை தேடித் தரும் சிகிச்சை என்று நினைத்துவிடாதீங்க. உண்பது, உடுத்துவது, விளையாடுவது எல்லாமே இதில் தொழில்தான். குழந்தையின் தொழில் விளையாட்டு.

அப்படியானால் சின்னக் குழந்தைகள் எப்போது கவனத்துக்கு வந்தார்கள்? நம் நாட்டில் 1926-இல் மலாக்காவில் செயின்ட் நிக்கலஸ் இல்லமும், 1948-இல் ஜொகூர் பாருவில் பிரின்சஸ் எலிசபெத் பள்ளியும் தோன்றின. பள்ளி வயதுக்கு முந்தைய குழந்தைகள் பக்கம் உலகம் திரும்பியதற்கு ஒரு சோகம் காரணம். 1940-களில் குறைமாதக் குழந்தைகள் பலர் பார்வை இழந்தார்கள். உயிர் காக்கக் கொடுத்த மிகுதியான ஆக்சிஜனே விழித்திரையைக் கெடுத்தது என்பது 1950-களின் நடுவில்தான் உறுதியானது. அதற்குள் பல வீடுகளில் பார்வையற்ற கைக்குழந்தைகள்.

அமெரிக்க உளவியல் ஆய்வாளர் செல்மா ஃப்ரைபெர்க் அத்தகைய குழந்தைகளைக் கூர்ந்து கவனித்து 1977-இல் நூல் வெளியிட்டார். பார்வையுள்ள குழந்தை ஏறக்குறைய 5 மாதத்தில் பொம்மையைப் பார்த்துக் கை நீட்டும். பார்வையற்ற குழந்தை சத்தத்தை மட்டும் வைத்துக் கை நீட்டப் பல மாதம் பிந்தும். கிலுகிலுப்பை சத்தம் கேட்கிறது. ஆனால் 'அங்கே ஒரு பொருள் இருக்கு' என்பது இன்னும் புரியவில்லை. கை நீளாததால் தவழ்வதும் தாமதமாகிறது. இது அறிவுக் குறையல்ல.

இங்கேதான் நாம் தவறு செய்கிறோம். "பாவம், கண்ணு தெரியாத புள்ள, ஊட்டி விட்டுடு" என்கிறோம். பாசம்தான். ஆனால் அந்தக் கை சும்மாவே இருந்துவிடுகிறது. ஆண்டு 1-இல் 6 புள்ளி பிரெயிலை விரல் நுனி பிரித்தறியத் திணறும்போது, 'மெதுவாகக் கற்கும் பிள்ளை' என்று பெயர் வைத்துவிடுகிறோம்.

சிகிச்சையாளர் செய்வது எளிமையானது. அரிசியில் ஒளித்த கோலியைத் தேட விடுவார். பொத்தான் போட, முட்டை உரிக்க, தண்ணீர் ஊற்றப் பழக்குவார். குழந்தையின் கையைப் பிடித்து இழுக்காமல், தன் கையை அதன் கைக்கு அடியில் வைத்து வழிகாட்டுவார். இதை நீங்களும் வகுப்பில் செய்யலாம். எதையும் கையில் திணிக்கும் முன் சொல்லுங்கள்.

தேர்வு எழுதும் மாணவர்கள் மூன்று கட்டமாக நினைவில் வைக்கலாம்: பெரியவருக்குப் பிழைப்பு, சிறுவருக்குப் பள்ளி, குழந்தைக்கு விளையாட்டு. வரலாற்றில் கடைசியாக வந்தது விளையாட்டு. ஒரு குழந்தையின் வாழ்வில் அதுதான் முதலில் வர வேண்டும்.