சுமை வாங்கும் கல்

தஞ்சாவூரிலிருந்து பட்டுக்கோட்டைக்குச் செல்லும் சாலையில், ஒரத்தநாட்டை நெருங்குவதற்குச் சற்று முன்பாக, நான் ஏறியிருந்த பேருந்து ஒரு சித்திரை மாதத்து நடுப்பகலில் பழுதாகி நின்றுபோக, பிரயாணிகள் யாவரும் நிழல் தேடிக் கலைந்த வேளையில், சாலையோரத்துப் புளியமரத்தடியில் எழுபது பிராயத்தைக் கடந்த ஒரு முதியவரைக் கண்டேன். சந்தைக்குக் கொண்டுபோகும் கடலை மூட்டையொன்றைத் தலையில் சுமந்து வந்த அவர், யாருடைய உதவியையும் நாடாமல், மரத்தின் அருகே நடப்பட்டிருந்த இரண்டு கற்கால்களின்மேல் கிடத்திய நீண்ட கல்லின் ஓரமாகச் சென்று, கழுத்தை இலேசாகச் சாய்த்து மூட்டையை அதன்மேல் நகர்த்திவிட்டு, சும்மாட்டை எடுத்து உதறி முகத்தைத் துடைத்துக்கொண்டு, பிறகு அந்தக் கல்லை ஒரு முறை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

"சாமிக் கல்லா, தாத்தா?" என்று கேட்டேன்.

"சுமைதாங்கி, தம்பி. பிள்ளைத்தாச்சியாச் செத்துப்போன ஒரு பொண்ணுக்காக வச்சது. யாரு, எந்த ஊருன்னு எனக்குத் தெரியாது. பேரு வெட்டியிருந்துச்சு, தேஞ்சுபோச்சு. ஆனா அறுவது வருஷமா என் சுமையை அவதான் வாங்கிக்கிறா."

இவ்வளவுதான் அவர் சொன்னது. ஆனால், எத்தனையோ முறை கண்ணில் பட்டும் கருத்தில் பதியாதிருந்த அந்தக் கல்லின் அர்த்தத்தை முதன்முதலாக எனக்கு உணர்த்திய அந்தச் சொற்களை, பிற்காலத்தில் நம் நாட்டு வழிகளின் சரித்திரத்தைத் தேடிப் படித்த பொழுதெல்லாம் நான் நினைத்துக்கொண்டேன்.

தலைச்சுமையோடு நடந்து பழகாத நமக்குச் சுமைதாங்கியின் அருமை எளிதில் விளங்குவதில்லை. கனமான மூட்டையைத் தலையில் ஏற்றுவதற்கு இன்னொருவர் கை கொடுக்க வேண்டும், இறக்குவதற்கும் அப்படியே. ஆள் நடமாட்டமற்ற நெடுவழியில் தனியே செல்பவன், எவ்வளவு களைத்தாலும், சுமையைத் தரையில் இறக்கிவிட்டால் மறுபடி தூக்கிவிட ஆளின்றித் தவிக்க நேரும் என்ற அச்சத்தினாலேயே இறக்காமல் நடந்துகொண்டிருப்பான். தலைச்சுமையை நகர்த்தி வைப்பதற்கும், இளைப்பாறியபின் அதன்கீழே தலையைக் கொடுத்து மீண்டும் ஏற்றிக்கொள்வதற்கும் ஏற்ற உயரத்தில் நிற்கும் இந்தக் கல், அங்கே இல்லாத அந்த இரண்டாவது ஆளின் ஸ்தானத்தில் நிற்கிறது. வயிற்றுச் சுமையை இறக்கி வைக்கும் முன்னரே உயிர் நீத்த பெண்ணின் ஆத்மா, வழிப்போக்கர் அவள் பெயரால் நின்ற கல்லில் தங்கள் சுமையை இறக்கி மூச்சு விடும்போதெல்லாம் சாந்தி அடையும் என்பது நம் மக்களின் நம்பிக்கை. தாங்கவொண்ணாத துக்கம் நேர்ந்த ஒரு குடும்பம், அத்துக்கத்தை வீட்டுக்குள் பூட்டி வைக்காமல் சாலையோரத்திற்குக் கொண்டுவந்து, முன்பின் அறியாதவர்களின் க்ஷேமத்துக்காக நிறுத்திவைத்த இந்த வழக்கத்தைக் காட்டிலும் உயர்ந்த ஒரு தர்மத்தை நான் அறியேன்.

வழியில் எதிர்ப்படும் அன்னியரிடம், அதிலும் முதியவரிடம், வாழ்க்கையைக் கற்றுக்கொள்வது நம் நாட்டில் மிகப் பழமையானதொரு மரபு. சிலப்பதிகாரத்தில், புகார் நகரத்தைவிட்டு ஒருவருக்கும் தெரியாமல் வெளியேறிய கோவலனும் கண்ணகியும் காவிரியின் வடகரையிலே கவுந்தி அடிகளைச் சந்திக்கும் இடத்தை நினைத்துப் பாருங்கள். உறவினருமல்லர், ஊராருமல்லர், ஆயினும் அச்சமணத் துறவி மதுரை வரையில் அவர்களுக்கு வழித்துணையாகிறார். வயல்வழியே நடந்தால் காலடியில் நண்டும் நந்தும் நசுங்கும் என்று எச்சரிப்பதில் தொடங்கி, நடையினூடேயே அவர்களுக்கு அவர் அறத்தைப் புகட்டிவிடுகிறார். அப்பயணத்திலேயே எதிர்ப்படும் மாங்காட்டு மறையவர் மற்றொரு வகையான முதியவர். கொடும்பை என்னும் ஊருக்கு அப்பால் சிவபெருமானின் சூலம்போல் மூன்றாகக் கிளைக்கும் மதுரை வழிகளின் வசதிகளையும் அபாயங்களையும் விவரித்து, இடையிலுள்ள அற்புதப் பொய்கைகளின் மகிமையையும் அவர் எடுத்துரைக்க, வாய்மை வழுவாமல் உயிர்களைப் பேணுவோர்க்கு அப்பொய்கைகள் தர வேண்டிய பேறு வேறொன்றில்லை என்று கவுந்தி அடிகள் மறுமொழி கூறுகின்றார். முன்பின் அறியாத இரு பெரியவர்கள் ஒரு சாலையில் கூடி, ஒருவர் வழியையும் மற்றவர் நெறியையும் சொல்லுகிற காட்சி அது.

அதற்கும் முற்பட்ட பத்துப்பாட்டில் ஐந்து பாட்டுக்கள் ஆற்றுப்படைகளாக இருப்பது தற்செயலானதன்று. ஆறு என்றால் வழி. பரிசில் பெற்றுத் திரும்பும் ஒருவன், வறுமையோடு எதிரே வரும் இன்னொருவனை நிறுத்தி, தான் பெற்ற இடத்தைக் காட்டி, அங்குச் செல்லும் வழியையும் சொல்லி அனுப்புவது ஆற்றுப்படை. மலைபடுகடாத்தில் நன்னனது நாட்டுக்குச் செல்லும் கூத்தர்க்கு, பன்றிக்காகக் கானவர் வைத்த பொறி எங்கே இருக்கும், கவண்கல் எத்திசையிலிருந்து வரும், எந்தக் குடியிருப்பில் என்ன உணவு கிடைக்கும் என்பன வரையில் பரிவோடு சொல்லப்பட்டிருக்கின்றன. நடந்து முடித்தவன் தன் காலின் அனுபவத்தை நடக்கப் போகிறவனுக்கு ஒப்படைக்கும் அந்தக் கணத்தையே ஓர் இலக்கிய வகையாக்கி வைத்த சமுதாயம், வழிப்போக்கனின் சொல்லுக்கு எத்தகைய மதிப்பளித்திருக்க வேண்டும்!

பெரிய புராணத்தில் திங்களூர் அப்பூதி அடிகளின் வரலாறும் சாலையோரத்துத் தண்ணீர்ப் பந்தலில்தான் தொடங்குகிறது. அப்பர் எனப்படும் திருநாவுக்கரசரை ஒருநாளும் கண்டறியாத அப்பூதியார், அவர்மீது கொண்ட பக்தியினால், தம் மக்களுக்கும் தாம் செய்த தர்மங்களுக்கும் அவர் பெயரையே சூட்டியிருந்தார். அவ்வூர் வழியே வந்த அப்பர், பந்தலில் தம் பெயர் எழுதப்பட்டிருப்பதைக் கண்டு வியந்து, உம்முடைய பெயரை எழுதாமல் வேறொரு பெயரை எழுதியது ஏன் என்று கேட்க, அது வேறொரு பெயரா என்று அப்பூதியார் வெகுண்டெழுந்த பின்னரே, சூலை நோயால் ஆட்கொள்ளப்பட்ட அந்த எளியவன் தாமே என்று அப்பர் தம்மை வெளிப்படுத்திக்கொள்கிறார். அன்று அப்பந்தலில் நீர் அருந்த வந்து நின்ற அன்னியரே அப்பூதியாரின் ஆசாரியர். யார் எந்த வடிவில் வருவார் என்று அறிய முடியாத காரணத்தாலேயே வருபவர் அனைவரையும் போற்ற வேண்டும் என்ற எண்ணம் நம்மவர் நெஞ்சில் வேரூன்றுவதற்கு இத்தகைய சரித்திரங்கள் உரமாயின.

சுமைதாங்கியும் தண்ணீர்ப் பந்தலும் ஊராரின் தர்மங்களாக இருக்க, சத்திரம் பெரும்பாலும் அரசர்களுடையதும் செல்வர்களுடையதுமான தர்மமாக வளர்ந்தது. 1689 முதல் மதுரையை ஆண்ட ராணி மங்கம்மாளின் பெயர் இன்றும் தென்பாண்டி நாட்டு மக்களின் நாவில் சாலைகளோடும் சத்திரங்களோடும் சேர்த்தே வழங்குகிறது. தஞ்சை மராட்டிய மன்னர்களோ, வடநாட்டிலிருந்து இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்காகச் சோழ நாட்டுச் சாலைகளில் வரிசையாகச் சத்திரங்களை எழுப்பினார்கள். காசியிலிருந்து கங்கைத் தீர்த்தத்தைச் சுமந்து வந்து இராமநாதருக்கு அபிஷேகம் செய்வித்து, சேதுக்கரை மணலை எடுத்துக்கொண்டு மறுபடியும் காசிக்கே நடப்பவர்கள் அந்நாளில் எத்தனையோ பேர். யமுனாம்பாள், இராஜகுமாராம்பாள், திரௌபதாம்பாள் என்று அரச குடும்பத்துப் பெண்களின் பெயர்களையே அச்சத்திரங்கள் தாங்கி நின்றன. ஒரத்தநாட்டுச் சத்திரம், இரண்டாம் சரபோஜி மன்னரின் அன்புக்குரியவளாக இருந்து இளமையிலேயே மறைந்த முக்தாம்பாளின் நினைவாக எழுந்தது. முதியவரும் நானும் அமர்ந்திருந்த இடத்திலோ பெயரழிந்த ஒருத்திக்குக் கல். சிறிது தூரத்தில் மன்னனின் நெஞ்சிலிருந்தவளுக்கு மாளிகை போன்ற சத்திரம். அளவில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருப்பினும், மறைந்த பெண்ணின் பெயரை வழிப்போக்கரின் ஆறுதலாக மாற்றுகிற மனம் இரண்டிலும் ஒன்றே.

1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையால் தஞ்சை நாட்டின் ஆட்சியதிகாரம் கிழக்கிந்தியக் கம்பெனியாரின் கைக்குச் சென்ற பிறகு, தம் முன்னோரின் சத்திரங்கள் குலைந்துவிடக் கூடாதென்று கவலை கொண்ட சரபோஜி, 1801-இல் கம்பெனியின் ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதமொன்று, சத்திர தர்மம் எப்படி நடந்தது என்பதற்குக் கிடைத்த சாட்சியங்களுள் மிக அரியது. பிராமணர் முதல் பறையர் ஈறாக எல்லா வழிப்போக்கருக்கும், யோகிகள், ஜங்கமர், பக்கிரிகள் ஆகிய யாத்திரிகர் அனைவருக்கும் சோறு அளிக்கப்படுவதையும், சமைத்த சோற்றை ஏற்காதவர்களுக்கு அரிசியும் மற்றச் சாமான்களும் கொடுக்கப்படுவதையும் அவர் விவரிக்கிறார். நோயுற்றோருக்கு மருந்தும் பத்திய உணவும், விஷக்கடிக்கு வைத்தியர்களும், குழந்தைகளுக்குப் பாலும், பிள்ளைப்பேற்றுக்கு ஆளான பெண்களுக்குப் பராமரிப்பும் உண்டு. வழியிலே பெற்றோரை இழந்த பிள்ளைகள் உபாத்தியாயரின் பொறுப்பில் வைக்கப்பட்டு, மூன்று வேளை அன்னமும் நான்கு நாளைக்கொரு முறை எண்ணெய் ஸ்நானமும் பெற்றார்கள். இவை அனைத்திலும் என் நெஞ்சைத் தொட்டது மணியோசைதான். நள்ளிரவு வரையில் அன்னமிட்டபின், ஒரு மணியை அடித்து, இன்னும் உண்ணாதவர் எவரேனும் இருந்தால் வந்து உண்ணலாம் என்று கூவி அழைத்தார்களாம். பசித்தவன் தேடி வரட்டும் என்றிராமல், அவன் இருட்டில் கூசி ஒதுங்கியிருக்கக்கூடும் என்றெண்ணி அழைத்த கை எவ்வளவு கனிந்த கையாக இருந்திருக்க வேண்டும்!

எல்லாச் சத்திரங்களும் எல்லோருக்கும் ஒன்றுபோலத் திறந்திருந்தன என்று சொன்னால் அது சத்தியமாகாது. ஒரு ஜாதியாருக்கென்றே கட்டப்பட்டவை பல. ஒரே கூரையின்கீழ் வெவ்வேறு பந்திகளும் வெவ்வேறு தாழ்வாரங்களும் வகுத்தவை அவற்றினும் பல. அக்குறையை மறைத்துப் பழமையைப் போற்றுவது பழமைக்கே நாம் செய்யும் துரோகம். ஆயினும் வேறெங்கும் ஒன்றாகச் சேர்ந்திருக்க வாய்ப்பில்லாத பலர், ஊர் ஊராகக் கண்டும் கேட்டும் முதிர்ந்தவர்கள், விளக்கின் வெளிச்சத்தில் காலை நீட்டி அமர்ந்து பேசிய இடமும் அதுவே. எந்த ஆற்றில் இப்பொழுது வெள்ளம், எந்த ஊரில் எந்தப் பச்சிலை, மகனோடு பிணங்கிப் புறப்பட்டவன் எப்படித் திரும்பிப் போவது என்பவையெல்லாம் அங்கே விலையின்றிக் கைமாறின. நாளைக் காலையில் பிரிந்துவிட்டால் மீண்டும் காண்போம் என்ற நிச்சயம் இல்லாததால், ஊராரிடம் சொல்லக் கூசும் தோல்விகளைக்கூட முதியவர் முன்பின் அறியாத இளைஞனிடம் சொல்லிவிடுவார். கேட்டவனும் அதைத் தன் ஆயுள் முழுவதற்கும் கட்டுச்சோறாக எடுத்துச் செல்வான்.

1856-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் இராயபுரத்திலிருந்து ஆர்க்காட்டுப் பக்கம் ரயில் ஓடத்தொடங்கியது. சில ஆண்டுகளுக்குள் தஞ்சாவூருக்கும் ரயில் வந்தது. 1914-இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபோது, கால்நடையாகப் பல நாள் நடந்த சேது யாத்திரை வண்டியில் உட்கார்ந்து தூங்கிக்கொண்டே முடிந்துபோகும் காரியமாயிற்று. அதற்கு வெகுமுன்பே, 1855-இல், மராட்டிய அரச வமிசம் எஞ்சியிருந்த மன்னர் பட்டத்தையும் இழந்திருந்தது. நடப்பவர் குறைந்ததும், சத்திரங்களின் அடுப்புகளும் ஒன்றன்பின் ஒன்றாக அவிந்தன. ஒரத்தநாட்டுச் சத்திரத்தில் பிற்காலத்தில் பிள்ளைகள் படிக்கலானார்கள். நடையின் வேதனை நீங்கியதை எண்ணி நான் மகிழ்கிறேன். முள்ளிலும் வெயிலிலும் யாத்திரை செய்தவர்களுள் எத்தனையோ பேர் வீடு திரும்பவில்லை. ஆனால் பேருந்திலும் ரயிலிலும் பக்கத்தில் அமர்ந்திருக்கும் முதியவரிடம் ஒரு வார்த்தையும் பேசாமல் இறங்கிச் செல்லும் பழக்கத்தை வண்டிகள் நமக்குக் கற்பிக்கவில்லை. அதை நாமாகவேதான் கற்றுக்கொண்டோம். மனம் வைத்தால் நாமாகவே மறக்கவும் கூடும்.

அந்தப் புளியமரத்தடிக்குத் திரும்புகிறேன். கல்லைப் பற்றிச் சொல்லி முடித்ததும் முதியவர், என் ஊரையும் பெயரையும் கேட்பதற்கு முன், "சாப்பிட்டியா தம்பி?" என்று கேட்டார். பதிலுக்குக் காத்திராமல், தூக்குச் சட்டியிலிருந்த நீராகாரத்தை அதன் மூடியில் ஊற்றி என்னிடம் நீட்டி, மிஞ்சியதைத் தாம் குடித்தார். நள்ளிரவு மணியைப் பற்றி நான் படித்தது பல ஆண்டுகள் கழித்து. அதைப் படித்த கணத்தில் என் காதில் விழுந்தது இந்தக் கேள்விதான்.

பேருந்து சீராகி, நடத்துநர் விசில் ஊதி அழைத்தார். பெரியவரும் எழுந்து சும்மாட்டைச் சுற்றித் தலையில் வைத்துக்கொள்வதைக் கண்டு, மூட்டையைத் தூக்கிவிடலாம் என்று நான் முன்னே சென்றேன். அவர் கையமர்த்திச் சிரித்தார்.

"இங்கேதான் கல்லு இருக்கே, தம்பி. உன் கையைக் கல்லு இல்லாத வழிக்கு வச்சுக்க."

பிறகு கல்லின்கீழ்க் குனிந்து, மூட்டையைத் தலைக்கு வாங்கிக்கொண்டு, சந்தை இருக்கும் திசையில் நடந்தார்.