நாலு மூடி எண்ணெய்

1999 ஜனவரி முதல் தேதி காலை, திருத்தணியிலிருந்து நகரி போகும் சாலையில் அப்பாவின் வண்டி சீஸ் ஆனது.

முந்தின ராத்திரி படித் திருவிழா. மலையின் 365 படிகளுக்கும் பூஜை, பஜனைக் கோஷ்டிகள், கூட்டம். யாரும் தூங்கவில்லை. விடிந்ததும் அப்பா நூல் மூட்டையைப் பின்னால் கட்டி, என்னை டேங்க் மேல் உட்காரவைத்துக் கிளம்பிவிட்டார். நகரியில் தறிக்காரர் ஒருவர் காத்திருந்தார். மார்கழிப் பனி, காலியான ரோடு, ஆக்ஸிலேட்டர் முழுசாகத் திருகியிருந்தது. திடீரென்று எஞ்சின் ஒரு மாதிரி கீச்சிட்டு நின்றது. பின் சக்கரம் சுற்றாமல் தேய்த்துக்கொண்டே போனது. அப்பா கிளட்சைப் பிடிப்பதற்குள் மூவரும் ரோட்டோரம் கிடந்தோம்: அவர், நான், மூட்டை. அவருக்கு இடது மணிக்கட்டு முறிந்தது. என் தாடையில் தழும்பு இன்னும் இருக்கிறது.

"எண்ணெய் பத்தல" என்றார் அப்பா. ஆஸ்பத்திரியில் அவர் சொன்ன முதல் வார்த்தையே அதுதான்.

அவரை அப்படிச் சொல்லவைத்த பயத்துக்கு நூறு வருஷ வரலாறு உண்டு. ஃபோர்-ஸ்ட்ரோக் எஞ்சினின் அடியில் எண்ணெய்க்கென்று தனி இடம் இருக்கும். 1890களின் தொடக்கத்தில் ஜோசப் டே என்ற ஆங்கிலேயர் காப்புரிமை பெற்ற டூ-ஸ்ட்ரோக்கில் அது கிடையாது. பிஸ்டனுக்குக் கீழே இருக்கும் அறையே காற்றையும் பெட்ரோலையும் இழுத்து மேலே தள்ளும் பம்ப். அங்கே எண்ணெயைத் தேக்க முடியாது. ஆகவே பெட்ரோலிலேயே எண்ணெயைக் கலந்து அனுப்பும் வழக்கம் வந்தது. போகிற வழியில் பேரிங்கையும் சிலிண்டரையும் நனைத்துவிட்டு அந்த எண்ணெயும் எரிந்து புகையாகும். ஆரம்பத்தில் எண்ணெயின் தரம் சுமார்தான், அதனால் லிட்டருக்கு 40, 50 மில்லி ஊற்றுவது சாதாரணம். பந்தயக்காரர்கள் ஆமணக்கு எண்ணெயை நம்பினார்கள். காஸ்ட்ரால் என்ற பெயரே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரிலிருந்து 1909இல் வந்தது. நம் வீட்டு விளக்கெண்ணெய்க்கு இப்படி ஒரு வாழ்க்கை இருந்தது என்பதில் எனக்கு இன்றும் ஒரு சந்தோஷம்.

பின்னால் எண்ணெய் நன்றாக மேம்பட்டது. லிட்டருக்கு 20 மில்லி, அதாவது 2 சதவீதம் போதும் என்றானது. ஆட்டோவுக்கு 3 சதவீதம். ஊற்றும் கை மட்டும் பழைய அளவை விடவில்லை. 1980இல் ஓசூரிலிருந்து டிவிஎஸ் 50 வந்து, மொபெட் கிராமம் கிராமமாகப் போனபோது இந்தக் கைப்பழக்கமும் கூடவே போனது. யமஹா 1964லேயே எண்ணெயைத் தனி டேங்கிலிருந்து அளந்து கொடுக்கும் ஆட்டோலூப் பம்பைக் கொண்டுவந்துவிட்டது. 1985இல் இங்கே வந்த ஆர்எக்ஸ் 100இலும் அந்தப் பம்ப் உண்டு. நம் ஆட்கள் என்ன செய்தார்கள்? "பம்ப் நின்னுட்டா எப்படித் தெரியும்?" என்று அதைக் கழற்றிவிட்டு டேங்கிலேயே கலக்கினார்கள். மண் தரையில் பந்தயம் ஓட்ட ஆர்எக்ஸைப் பிரித்தவர்களும் இதையேதான் செய்தார்கள். ஆனால் அவர்கள் எண்ணெயை அளந்து ஊற்றினார்கள்.

அப்பாவுக்கு அளவு, எண்ணெய் பாட்டிலின் மூடி. மூடி 20 மில்லி. கம்பெனி சொன்னது லிட்டருக்கு ஒரு மூடி. அவர் ஊற்றியது நாலு.

வண்டியைப் பிரித்தவர், மலையடிவாரத்தில் ஷெட் வைத்திருந்த பாய். இளவயதில் சோழவரத்தில் பந்தய வண்டிகளுக்குக் கையாளாக இருந்தவர். சோழவரம் என்பது உலகப் போர்க்கால விமான ஓடுதளம். 1990இல் இருங்காட்டுக்கோட்டையில் புதுத் தடம் வரும்வரை மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் அங்கேதான் பந்தயம் நடத்தியது. பாய் பிளக்கைக் கழற்றி அப்பாவிடம் காட்டினார். பொதுவாக அது காப்பிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டும், கறுத்தால் பெட்ரோல் அதிகம், வெளுத்தால் குறைவு. எங்கள் பிளக் வெளுத்திருந்தது.

"எண்ணெய் பத்தாம இல்லண்ணே. எண்ணெய் ஜாஸ்தி. அதான் பெட்ரோல் பத்தல."

அப்பா நம்பவில்லை. சின்னப் பையனான எனக்கும் அது உளறலாகத்தான் பட்டது. இன்ஜினியரிங் படித்து, பிழைப்புக்கு சாஃப்ட்வேர் எழுத வந்து பல வருஷம் கழித்துத்தான் ஒரு நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

கார்புரேட்டரில் முழு ஆக்ஸிலேட்டரில் பெட்ரோலின் அளவைத் தீர்மானிப்பது மெயின் ஜெட். நடுவில் துளை போட்ட சின்னப் பித்தளைத் திருகு. துளைக்கு எண் உண்டு. அந்தத் துளை வழியாகப் போவது பெட்ரோல் மட்டுமல்ல, கலவை. லிட்டருக்கு ஒரு மூடி ஊற்றினால் கலவையில் 98 சதவீதம் பெட்ரோல். நாலு மூடி என்றால் 92.6. எண்ணெய் கூடினால் கலவை கெட்டியாகி மெதுவாகவும் பாயும், அதைக் கணக்கில் சேர்க்காமலே பெட்ரோல் ஐந்தரை சதவீதம் குறைகிறது. 110 ஜெட்டைக் கழற்றி 105 போட்டது மாதிரி.

அடுத்தது காற்று. திருத்தணியின் கத்திரி வெயில் 40 டிகிரி என்றும் மார்கழி விடியல் 20 டிகிரி என்றும் வைத்துக்கொண்டால், அதே கொள்ளளவில் மார்கழிக் காற்று கிட்டத்தட்ட 7 சதவீதம் அதிகம். மோட்டோகிராஸ் ஓட்டுபவர்கள் காலையில் ஒரு ஜெட், மதியம் ஒரு ஜெட் என்று மாற்றுவது இதனால்தான். அப்பாவின் வண்டிக்கு அந்த மே மாதம் யாரோ "மைலேஜ் வரும்" என்று சின்ன ஜெட் போட்டிருந்தார்கள். வெயிலில் அது ஓடியது. பனிக்காலத்தில், பாரத்தோடு, முழு வேகத்தில், எண்ணெயும் காற்றும் சேர்ந்து கலவையில் பெட்ரோலைக் குறைத்துவிட்டன. பெட்ரோல் குறைந்த கலவையில் பிஸ்டன் சூடேறும், வீங்கும், சிலிண்டரைக் கவ்விக்கொள்ளும். பாதுகாப்புக்கென்று ஊற்றிய மூன்று மூடிகள் எங்களைக் கீழே தள்ளுவதில் பங்கெடுத்திருந்தன.

இதில் ஒரு தற்செயல் உண்டு. 1998 ஜூலை 28 அன்று எம்.சி. மேத்தா வழக்கில் உச்ச நீதிமன்றம் தில்லிக்குச் சில கெடுக்கள் விதித்தது. அவற்றில் ஒன்று, டூ-ஸ்ட்ரோக் வண்டிகளுக்குப் பங்குகளில் முன்பே அளந்து கலந்த பெட்ரோல் மட்டுமே தரவேண்டும் என்பது. கெடு, 1998 டிசம்பர் 31. நாங்கள் படித் திருவிழா பார்த்துக்கொண்டிருந்த ராத்திரி. எண்ணெய் ஊற்றும் கையை நம்ப முடியாது என்று தில்லியில் சட்டமாகிவிட்டது, இங்கே அப்பா மறுநாளுக்கு நாலு மூடி கலந்துகொண்டிருந்தார்.

எண்ணெய் மட்டும்தான் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். டூ-ஸ்ட்ரோக்கில் உள்ளே வரும் கலவையில் 15 முதல் 40 சதவீதம் வரை எரியாமலே சைலன்சர் வழியாகப் போய்விடும். அது அமைப்பிலேயே இருக்கும் ஓட்டை, எந்த மூடியாலும் அடைக்க முடியாது. ஆனால் ஊர் பார்த்ததும் மூக்கைப் பொத்தியதும் அந்த நீலப் புகைக்குத்தான். தெற்காசிய டூ-ஸ்ட்ரோக்குகளைப் பற்றி 2000இல் உலக வங்கி வெளியிட்ட ஆய்வும் ஓட்டுநர்கள் தேவைக்கு மேல் ஊற்றுவதைக் காரணங்களில் ஒன்றாகச் சொன்னது. 1996இல் மாசு விதி இறுகியது, ஆர்எக்ஸ் 100 நின்றது. 2000இல் இன்னும் இறுகியது. 2020இல் பிஎஸ் 6 வந்தபோது ஃபோர்-ஸ்ட்ரோக்குகளின் கார்புரேட்டரே போனது. காற்றின் சூட்டை சென்சார் பார்த்து, எத்தனை பெட்ரோல் என்று ஒரு அட்டவணை சொல்கிறது. என் போன்றவர்கள் எழுதும் அட்டவணைதான்.

பாய் அன்று சிலிண்டரை ரீபோர் செய்து, ஒரு சைஸ் பெரிய பிஸ்டன் போட்டு, ஜெட்டையும் பெரிதாக்கினார். நகரி ரோட்டில் முழு வேகத்தில் ஓட்டி, சட்டென்று எஞ்சினை அணைத்து, கிளட்சைப் பிடித்து நிறுத்தி, சுடச்சுடப் பிளக்கைக் கழற்றி நிறம் பார்த்தார். மூன்று தடவை. பிறகு மூடியை அப்பா கையில் கொடுத்து, "ஒண்ணு. ஒண்ணுதாண்ணே" என்றார்.

அப்பா அதற்கப்புறம் இரண்டு ஊற்றினார்.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போனபோது கணக்கை அவரிடம் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். இடது மணிக்கட்டைத் தடவிக்கொண்டே, "எல்லாம் சரிப்பா" என்றார். "ஆனா எண்ணெய் நிஜமாவே பத்தாமப் போயிருந்தா?"