செம்பூர் வீடும் வரவிருக்கும் குழந்தையும்

புறநானூற்றில் பொன்முடியார் பாடியதாக உள்ள ஒரு பாட்டில் கடமைகள் பங்கிடப்பட்டிருக்கின்றன. பெற்று வளர்ப்பது தாய்க்கு, சான்றோனாக்குவது தந்தைக்கு, வேல் வடித்துத் தருவது கொல்லனுக்கு, நன்னடை அளிப்பது வேந்தனுக்கு. பிள்ளை பிறக்குமுன் வீட்டைச் செப்பனிடுவது யார் பொறுப்பு என்ற பேச்சு அதில் இல்லை. மறக்குடியைப் பாடும் பாட்டில் அதைத் தேடுவது நம் குறும்பே. ஆயினும், பிற்காலக் குடும்ப வழக்கத்திலும் அந்தப் பொறுப்பு தகப்பனுக்கு உரியதாக இருந்ததில்லை.

காரணம் எளியது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் நிகழ்வது நம் வழக்கம். வளைகாப்போ சீமந்தமோ முடிந்ததும் பெண் பிறந்தகம் போய்விடுவாள். அங்கே ஓர் அறையை ஒழித்து, சாணமிட்டு மெழுகி, சுண்ணாம்பு அடித்து, வாசலில் வேப்பிலை செருகி வைப்பவர்கள் அவளுடைய தாயாரும் பாட்டியுமே. மருமகனுக்கு ஒரு தந்தி வரும். அதைப் படித்து மகிழ்வதும், பிறகு புறப்பட்டுப் போய்ப் பார்த்து வருவதும் அவர் வேலை. தந்தியும் 2013ஆம் ஆண்டு ஜூலை மாதத்தோடு இந்நாட்டில் நின்றுபோயிற்று.

வேலை இல்லை என்பது மட்டுமன்று; தடையும் உண்டு. மனைவி கருவுற்றிருக்கும் காலத்தில் கணவன் வீடு கட்டலாகாது, புதுமனை புகலாகாது, கடலில் நீராடலாகாது, மலையேறலாகாது என்று பல குடும்பங்களில் இன்றும் சொல்லுகிறார்கள். அந்த மரபின்படி பார்த்தால், குழந்தை வரப்போகிறது என்பது வீட்டுச் சுவரைத் தொடாமலிருப்பதற்கே காரணமாகும்!

இந்த ஏற்பாட்டைக் கலைத்தது பம்பாய் வாழ்க்கை. 1896இல் அந்நகரில் கொள்ளைநோய் பரவியபோது, அதிகாரிகள் வீடு வீடாகப் புகுந்து சுண்ணாம்பு அடிக்கச் செய்தனர். வெயில் விழட்டும் என்று கூரை ஓடுகளையும் பிரிக்கச் செய்தனர். நோய்க்கும் நெருக்கமான வீட்டுக்கும் உள்ள உறவு அப்போது அரசாங்கத்துக்கு உறைத்தது. 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்ட் அமைக்கப்பட்டது. அதன் திட்டங்களில் ஒன்றாக உருவானதே தாதர், மாதுங்கா மனைப்பிரிவு. குமாஸ்தா வேலைக்கு வந்த தமிழர் பலர் மாதுங்காவில் தங்கினர். தோல் பதனிடும் தொழிலுக்கு வந்த திருநெல்வேலிச் சீமையார் தாராவியில் தங்கினர்.

செம்பூரின் முறை பின்னால் வந்தது. குர்லாவிலிருந்து செம்பூருக்கு 1906இல் போடப்பட்ட ஒற்றை இருப்புப்பாதையில் 1924இல்தான் பயணிகள் ஏறினர். 1947ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் பழைய வாடகையை 1940ஆம் ஆண்டு நிலையிலேயே நிறுத்திவிட்டது. குடியிருந்தவர் வீட்டை விடவில்லை. சொந்தக்காரர் பழுது பார்க்கவில்லை. புதிதாக வந்தவர் 'பகடி' என்னும் முன்தொகை கொடுக்க வழியின்றி நகருக்கு வெளியே இடம் தேடினார். அச்சமயத்தில்தான் டிராம்பேயில் அணுசக்தி நிலையமும் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகளும் எழுந்தன. 1955க்கும் 1958க்கும் இடையில் வீட்டுவசதி வாரியம் செம்பூரில் மூன்று குடியிருப்புகளைக் கட்டியது. இன்றைய சுபாஷ் நகர், திலக் நகர், சககார் நகர் ஆகியவை அவையே. சககார் நகருக்கு முதலில் வழங்கிய பெயர் 'ஷெல் காலனி'.

இத்தகைய ஓரறை வீட்டில் குழந்தை வருவதாயின் என்ன செய்வது? ஊருக்கு அனுப்பலாம். ஆனால் சென்னை வரை இரயிலில் போய், அங்கே வண்டி மாறி, நிறைமாதத்தில் திருநெல்வேலிக்கோ தஞ்சைக்கோ போய்ச் சேருவது எளிதன்று. பரேலில் 1926 முதல் நவ்ரோஜி வாடியா பிரசவ மருத்துவமனை இருந்தது. பிறகு வேறு மருத்துவமனைகளும் பெருகின. ஆகவே பெண் தாய்வீடு போவதற்குப் பதிலாகத் தாய்வீடே பெண்ணிடம் வரத் தொடங்கிற்று. மாமியார் வருவார், சில வேளை மாமனாரும் வருவார். சுக்கு, பெருங்காயம், பிரசவ மருந்து, பழந்துணி மூட்டை, வெந்நீர் அண்டா ஆகிய யாவும் உடன்வரும். குழந்தை ஒன்றுக்கு இடம் தேடிய தகப்பன் ஒரு குடும்பத்துக்கே இடம் தேடவேண்டியதாயிற்று.

அதற்கு அவன் கண்ட வழி பரண். பலகை வாங்கி, சுவரில் கட்டையறைந்து, ஏணி சாத்தி, தலைக்கு மேல் ஒரு தட்டு அமைத்துக்கொண்டான். மூட்டைகள் அதன்மேல் ஏறின. இடம் போதாவிடில் அவனே ஏறினான். பால்கனி உள்ளவர்கள் அதை அடைத்து அறையாக்கினர். பரணுக்கு மராத்தியர் வழங்கும் சொல் 'போட்மாளா'. 'போட்' என்றால் வயிறு, 'மாளா' என்றால் மாடி. மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்ட நமக்கு அதற்கு ஈடான தமிழ்ச்சொல் இன்றுவரை அகப்படவில்லை. மனைவி வயிற்றில் ஓர் உயிர் வளரும் மாதங்களில், வீட்டின் வயிற்றில் ஒரு மாடி வளர்ந்தது.

நம் வீட்டிலும் இந்தக் கதை நடந்தது. 2011இல் செம்பூரில் நாம் குடியிருந்த பழைய வீட்டின் சுவர்களில் வண்ணம் பாளம் பாளமாக உரிந்துகொண்டிருந்தது. மத்திய அரசு ஊழியரான ஆண்களுக்கு 1997 முதல் 15 நாள் தந்தைமை விடுப்பு உண்டு. பிரசவத்துக்கு முந்திய 15 நாட்களிலும் அதை எடுக்கலாம். நாம் அதை வண்ணம் பூசுவதற்கென்று வைத்திருந்தோம். ஊரிலிருந்து வந்திறங்கிய மாமியார், "மாப்பிள்ளை, இவள் இங்கே இருக்கும்போது சுவரைத் தொடாதீர்கள்" என்றார். பழைய மூடநம்பிக்கை என்று மனத்துக்குள் நகைத்தோம். ஆனால் அவர் பேச்சைத் தட்டவும் துணிவில்லை. மனைவியைப் பத்து நாள் மாதுங்காவில் உறவினர் வீட்டில் விட்டுவிட்டு வேலையைத் தொடங்கினோம்.

முதல் நாள் ஆட்கள் சுவரைச் சுரண்டியதும் எழுந்த தூசியைக் கண்டபின் நகைப்பு அடங்கியது. பழைய எண்ணெய் வண்ணங்களில் ஈயம் கலந்திருப்பதுண்டு. சுரண்டும்போது அது தூசியாகி மூச்சில் ஏறும்; தாயின் இரத்தத்திலிருந்து கருவையும் எட்டும்; குழந்தையின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். வீட்டின் உட்புறத்தில் வெள்ளீய வண்ணம் பூசுவதைத் தடுக்கும் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1921இலேயே ஏற்படுத்தியது. நம் நாட்டிலோ வீட்டு வண்ணத்தில் ஈயம் பத்து இலட்சத்தில் 90 பங்குக்கு மேற்படலாகாது என்ற விதி 2016இல் பிறந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 2011இல் கடைக்காரரிடம் ஈயத்தைப் பற்றி விசாரித்தோம். அவர் வண்ண அட்டையை நீட்டி, "இதில் எது வேண்டும்?" என்று கேட்டார்.

முன்னோர் ஈயத்தை அறிந்தே தடை விதித்தனர் என்று பெருமை பேசுவதற்கில்லை. அவர்கள் அடித்தது சுண்ணாம்பு. அதில் ஈயம் கிடையாது. தடை வேறு எண்ணத்தில் பிறந்திருக்கலாம். எப்படிப் பிறந்தாலும், பத்து நாள் அது ஒரு கருவைத் தூசியிலிருந்து விலக்கி வைத்தது. மனைவி திரும்பி வருமுன் ஈரத்துணியால் தரையை மும்முறை துடைத்தோம். பரணைத் துடைக்க மாமியார் நினைவூட்ட வேண்டியிருந்தது.

திலக் நகரிலும் சுபாஷ் நகரிலும் வாரியத்தின் பழைய கட்டடங்கள் பல இடிக்கப்பட்டு, அவ்விடங்களில் உயர்ந்த மாடிகள் எழுந்துள்ளன. சென்ற ஆண்டு அவற்றுள் ஒன்றில் குடியேறிய இளைஞர் ஒருவர், குழந்தைக்கென்று வண்ணம் பூசி வைத்திருந்த தனியறையை நமக்குக் காட்டினார். வண்ண டப்பாவில் ஈய அளவு அச்சிட்டிருந்ததையும் மறவாமல் காட்டினார். மறுவாரம் அவர் மாமியார் வந்திறங்கினார். ஏழு மூட்டைகள், வீட்டில் பரண் இல்லை. மூட்டைகள் யாவும் அந்தத் தனியறைக்குள்ளேயே சென்றன.