வீட்டுக்கணினி: நினைவுகூரலின் அரசியல்

எண்பதுகளின் தொடக்கத்தில் பிரிட்டனில் சிறுவர்களாக இருந்து, தாமாகவே நிரல் எழுதக் கற்றவர்களின் நினைவுக்குறிப்புகளைத் தொடர்ந்து வாசித்து வருகிறேன். எல்லாம் ஏறக்குறைய ஒரே பிரதிதான். ஒரு கிறிஸ்துமஸ், ஒரு கறுப்புப் பெட்டி, கூடத்துத் தொலைக்காட்சியைப் பிடுங்கிக்கொண்டு உட்கார்ந்த பையன், சாப்பிடக் கூப்பிடும் அம்மா. அம்மா இந்தப் பிரதிகளில் பெரும்பாலும் ஒரு குரல் மட்டுமே. கூப்பிடுவதோடு அவள் வேலை முடிந்துவிடுகிறது.

அந்தப் பெட்டி பல கதைகளில் சின்க்ளேர் இஸட்எக்ஸ்81. 1981 மார்ச்சில் வெளிவந்தது. முழுதாகப் பூட்டியது 69.95 பவுண்டு, உதிரிகளாக வாங்கி நாமே பற்றவைத்துக்கொண்டால் 49.95. நினைவகம் ஒரே ஒரு கிலோபைட், அதாவது 1024 பைட். விசைப்பலகை என்று சொல்லவே தயக்கமாக இருக்கிறது, வழவழப்பான பிளாஸ்டிக் தாளில் அச்சிட்ட கட்டங்கள் அவ்வளவுதான். 16 கிலோபைட் துணைப்பெட்டியைப் பின்னால் செருகிக்கொண்டவர்களின் பாடு இன்னும் மோசம். மேசை லேசாக ஆடினால் இணைப்பு விட்டுப்போய், இரண்டு மணி நேரம் தட்டியதெல்லாம் போச்சு. பத்திரப்படுத்தி வைக்க, பாட்டுக் கேட்கிற கேசட் டேப்ரெக்கார்டர்தான் கதி.

இதை வெறும் கடந்தகால ஏக்கம் என்று ஒதுக்கிவிட முடியாது. மின்னிணைப்புக் கொடுத்ததும் அந்த இயந்திரம் பேசிக் மொழியில் ஒரு கட்டளையை எதிர்பார்த்து நின்றது. பயன்படுத்துவதும் எழுதுவதும் அங்கே இரண்டாகப் பிரிந்திருக்கவில்லை. வாசகனே பிரதியை எழுதுகிறான் என்று நாம் கோட்பாடாகப் பேசுவது அங்கே கைவேலையாக நடந்தது. பத்திரிகைகள் நிரல்களை வரிவரியாக அச்சிட்டன. வாங்கியவன் ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்துத் தட்டினான். ஏடு பார்த்துப் படியெடுத்த மரபை அறிந்த எங்களைப் போன்ற தமிழ் எம்.ஏ.க்களுக்கு இது விசித்திரமாகத் தோன்றாது. ஒரு வித்தியாசம் உண்டு. ஏட்டில் பிழை பாடபேதமாகி நூற்றாண்டுகள் வாழும், உரையாசிரியர் அதற்கும் பொருள் கண்டுவிடுவார். இங்கே ஒரு காற்புள்ளி தவறினால் இயந்திரம் நின்றுவிடும். எங்கே தவறு என்று தேடப்போன பையன், எழுதியவனின் மூளைக்குள் போய்வந்தான். டேவிட் ஹார்ன் என்பவர் வெறும் 672 பைட்டில் எழுதிய சதுரங்க ஆட்டத்தை 'யுவர் கம்ப்யூட்டர்' இதழ் 1982-83இல் வெளியிட்டது. கோட்டை கட்டுவது மாதிரி சில விதிகள் அதில் இல்லை, ஆனாலும் ஆடியது. ஒரு வெண்பாவின் சிக்கனம் என்றே சொல்வேன்.

சரி, யாருக்கு வாய்த்தது இதெல்லாம்? 'யார் வேண்டுமானாலும் கற்றுக்கொள்ளலாம் என்றிருந்த காலம்' என்று இந்த நினைவுக்குறிப்புகள் சாதிக்கும்போது, அந்த 'யார்' பெரும்பாலும் ஆண்பிள்ளையாகவே இருக்கிறான். பேசிக் மொழி பிறந்த கதையிலேயே இது தொடங்குகிறது. 1964இல் கெமெனியும் கர்ட்ஸும் எல்லா மாணவருக்குமான மொழியாக அதை டார்ட்மவுத் கல்லூரியில் உருவாக்கினார்கள். அந்தக் கல்லூரி பெண்களைப் பட்டப்படிப்பில் சேர்த்துக்கொண்டதோ 1972இல். அமெரிக்காவில் கணினியியல் பட்டம் பெற்றவர்களில் பெண்கள் 1984 வாக்கில் ஏறக்குறைய 37 சதவீதத்தை எட்டி, பிறகு சரிந்தார்கள். வீட்டுக்குள் கணினி நுழைந்த அதே ஆண்டுகள். கார்னகி மெலன் பல்கலைக்கழக மாணவர்களிடம் பேசி ஜேன் மார்கோலிஸும் ஆலன் ஃபிஷரும் 2002இல் வெளியிட்ட நூல் இந்த இடத்தைத்தான் தொடுகிறது: வீட்டில் வாங்கிய கணினி பல குடும்பங்களில் மகனின் அறைக்குப் போய்ச் சேர்ந்தது. 'வீடு' என்ற பொதுச்சொல் உள்ளே இருக்கும் அறைகளை மறைத்துவிடுகிறது.

இன்னொரு வீடும் உண்டு. வீட்டுக்கணினி வருவதற்கு முன்பே வீட்டிலிருந்து நிரல் எழுதியவர்கள் பிரிட்டனில் இருந்தார்கள். 1962இல் ஸ்டெஃபனி ஷெர்லி 'ஃப்ரீலான்ஸ் புரோகிராமர்ஸ்' நிறுவனத்தைத் தொடங்கி, பிள்ளை பெற்றதால் வேலையை விட்டிருந்த பெண்களாகப் பார்த்துச் சேர்த்தார். வீட்டில் கணினி கிடையாது. தாளில் பென்சிலால் எழுதினார்கள். கான்கார்டு விமானத்தின் கறுப்புப் பெட்டிக்கான நிரல்வேலையும் இவர்களுடையது. பெண் பெயரில் போட்ட கடிதங்களுக்குப் பதில் வராததால் ஷெர்லி 'ஸ்டீவ்' என்று கையெழுத்திட்டார். முதல் 300 பேரில் ஆண்கள் மூன்றே பேர். (பால்பாகுபாட்டைத் தடைசெய்த 1975ஆம் ஆண்டுச் சட்டம், பெண்களுக்கே முன்னுரிமை தந்த இந்த ஏற்பாட்டைச் சட்டவிரோதமாக்கியது தனி வேடிக்கை.) ஆக, சாப்பிடக் கூப்பிட்ட அந்த அம்மாக்களில் சிலருக்காவது நிரல் தெரிந்திருக்க வாய்ப்பு உண்டு. மகன்களின் பிரதிகளில் அதற்கு இடமில்லை, அவ்வளவுதான்.

பெட்டியைப் பூட்டியது யார் என்பதையும் கேட்கவேண்டியிருக்கிறது. சின்க்ளேர் கணினிகள் ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில், டைமெக்ஸ் ஆலையில் உருவாயின. தொழிலாளர்களில் பெரும்பான்மையோர் பெண்கள். ஆலையின் பின்வாசல் வழியாக ஊர் வீடுகளுக்குக் கணினிகள் கசிந்ததாக ஒரு கதை அங்கே வழங்குகிறது. அதே ஆலையில் வேலை பார்த்த டேவிட் ஜோன்ஸ் பின்னர் விளையாட்டு நிறுவனம் தொடங்க, 1991இல் 'லெம்மிங்ஸ்' வந்தது. டண்டீயின் விளையாட்டுத் தொழில் வரலாற்றில் இந்தப் பெயர்கள் எப்போதும் உண்டு. 1993 ஜனவரியில் ஆட்குறைப்பை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்த அந்தப் பெண்களை நிர்வாகம் மொத்தமாக நீக்கியது. வெளியாட்களைப் பேருந்தில் ஏற்றி ஆலைக்குள் கொண்டுவந்தது. அவர்கள் மாதக்கணக்கில் வாசலில் மறியல் செய்தார்கள். ஆகஸ்டில் ஆலையை மூடிவிட்டார்கள்.