ஹொமாரே சாவாவும் ஜப்பான் மகளிர் கால்பந்தின் எழுச்சியும்

2011 ஜூலை 17 அன்று ஜெர்மனியின் ஃபிராங்க்ஃபர்ட் நகரில் ஜப்பான் மகளிர் அணி உலகக் கோப்பையை வென்றது. அந்த வெற்றியை நான்கு மாதங்களுக்கு முன் ஜப்பானை உலுக்கிய நிலநடுக்கத்தோடும் சுனாமியோடும் சேர்த்துப் பேசுவதே இன்றும் வழக்கமாக உள்ளது. அப்படிப் பேசுவதில் நியாயம் உண்டு. காலிறுதிக்கு முன் பயிற்சியாளர் நோரியோ சசாகி, பேரழிவின் படங்களை வீராங்கனைகளிடம் காட்டினார். ஆயினும், துயரம் மன உறுதியைத்தான் தரும். ஆட்டத் திறனைத் தராது. அத்திறன் இருபதாண்டுகளில் சேர்ந்தது. அது சேர்ந்த விதத்தை அணித்தலைவி ஹொமாரே சாவாவின் ஆட்ட வாழ்க்கையில் தடம் பிடிக்க முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

சாவா 1978இல் டோக்கியோவின் ஃபுச்சூ நகரில் பிறந்தவர். ஜப்பானில் மகளிருக்கான தேசிய லீக் 1989இல்தான் தொடங்கியது. அதில் முன்னணியில் இருந்த யோமியூரி பெலேசா கழகத்தில் அவர் சேர்ந்தபோது வயது 12. 1993 டிசம்பரில், 15 வயதில், பிலிப்பைன்ஸுக்கு எதிராகத் தேசிய அணியில் அறிமுகமாகி நான்கு கோல்கள் அடித்தார். லீக் மட்டும் சில ஆண்டுகள் தாமதித்திருந்தால், இந்தச் சிறுமிக்கு வளர இடமே இருந்திருக்காது.

அந்த லீக் பெருநிறுவனங்களின் பணத்தில் நடந்தது. 1990களில் பொருளாதாரம் சரிந்ததும் நிறுவனங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. 1999 உலகக் கோப்பையில் அணி சோபிக்கவில்லை. அதனால் சிட்னி ஒலிம்பிக் வாய்ப்பும் பறிபோனது. சாவா அமெரிக்கா சென்று, 2001இல் அங்கே தொடங்கிய தொழில்முறை லீகில் அட்லாண்டா பீட் அணிக்காக ஆடினார். அந்த லீகும் 2003இல் மூடப்பட்டது.

இங்கே 2004 ஏப்ரல் 24ஆம் நாளைச் சற்று நின்று பார்க்க வேண்டும். ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கான ஆசியத் தகுதிச் சுற்றின் அரையிறுதி. டோக்கியோ தேசிய அரங்கில் 30,000க்கும் மேற்பட்ட பார்வையாளர்கள். எதிரில் பலம் மிக்க வட கொரியா. சாவாவின் முழங்காலில் காயம். வலி மருந்தோடு களம் இறங்கிய அவர், ஆட்டம் தொடங்கிய சிறிது நேரத்திலேயே எதிரணி வீராங்கனையிடம் பாய்ந்து பந்தைப் பறித்தார். அணி முழுவதற்கும் அது தெம்பு கொடுத்தது. ஜப்பான் 3-0 என வென்றது. இன்னொரு முறை ஒலிம்பிக்கைத் தவறவிட்டிருந்தால் மகளிர் கால்பந்து அந்நாட்டில் நொடித்துப் போயிருக்கலாம். ஆகவே, 2011ஐவிட இந்த ஆட்டத்தையே திருப்புமுனையாகக் கொள்வது பொருந்தும். ‘நாதேஷிகோ ஜப்பான்’ என்ற பெயர் அணிக்குச் சூட்டப்பட்டதும் அதே ஆண்டில்தான்.

2008இல் பொறுப்பேற்ற சசாகி, கோல் அடிப்பதில் பெயர் பெற்றிருந்த சாவாவைத் தடுப்பு நடுக்களத்துக்கு இறக்கினார். துணிச்சலான முடிவு அது. பந்தைப் பறிப்பதும், பறித்த பந்தைப் பகிர்ந்து தாக்குதலைத் தொடங்குவதும் ஒரே ஆளின் வேலையாயின. பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஜப்பான் நான்காம் இடம் பெற்றது. தளர்ந்துபோகும்போது என் முதுகைப் பாருங்கள் என்று சக வீராங்கனைகளிடம் அவர் அங்கே சொன்னது, ஜப்பானில் இன்றும் நினைவுகூரப்படுகிறது.

மாற்றத்தின் பலன் 2011இல் தெரிந்தது. காலிறுதியில் போட்டியை நடத்திய ஜெர்மனியை 108ஆம் நிமிட கோலால் ஜப்பான் வெளியேற்றியது. அடித்தவர் கரினா மருயாமா. பந்தைக் கொடுத்தவர் சாவா. இறுதியில் அமெரிக்காவைச் சந்தித்தபோது, அதற்கு முன் அவ்வணியுடன் மோதிய 25 ஆட்டங்களில் ஒன்றைக்கூட ஜப்பான் வென்றதில்லை. கூடுதல் நேரத்தில் 2-1 எனப் பின்தங்கிய நிலை. 117ஆம் நிமிடத்தில் அயா மியாமா கார்னர் கிக் அடித்தார். சாவா அருகிலிருந்த கம்பத்தை நோக்கி ஓடி, காவலுக்கு நின்றவரை முந்தி, வலது பாதத்தின் வெளிப்புறத்தால் பந்தை வலைக்குள் திருப்பிவிட்டார். பெனால்டியில் ஜப்பான் 3-1 என வென்றது. தடுப்பு நடுக்களத்தில் ஆடிய 32 வயதுக்காரர் ஐந்து கோல்களோடு தங்கக் காலணியையும், சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தையும் சேர்த்துப் பெற்றார். 2011ஆம் ஆண்டின் உலகின் சிறந்த வீராங்கனை என்ற ஃபிஃபா விருதும் அவரைத் தேடி வந்தது.

மரியாதை மட்டும் மெதுவாகத்தான் வந்தது. 2012 லண்டன் ஒலிம்பிக்குக்குப் புறப்பட்டபோது, ஒரே விமானத்தில் ஆண்கள் அணிக்கு பிசினஸ் கிளாஸ். உலகச் சாம்பியன்களான பெண்களுக்கு அதற்குக் கீழான வகுப்பு. இது தலைகீழாக இருந்திருக்க வேண்டும் என்று சாவா வெளிப்படையாகவே சொன்னார். அதைச் சொல்லும் தகுதி அவரைவிட வேறு யாருக்கு இருந்தது? வெள்ளிப் பதக்கம் வென்ற பின், திரும்பும் பயணத்தில்தான் அவர்களுக்கும் பிசினஸ் கிளாஸ் கிடைத்தது.

ஆறு உலகக் கோப்பைகள், 205 சர்வதேச ஆட்டங்கள், 83 கோல்கள். 2015 டிசம்பரில், பேரரசி கோப்பை இறுதியில் கோபே அணிக்காகத் தலையால் முட்டி அடித்த வெற்றி கோலுடன் அவர் ஓய்வு பெற்றார். ஜப்பானில் பெண்களுக்கான முழுத் தொழில்முறை லீக் 2021 செப்டம்பரில் தொடங்கியது. உலகக் கோப்பையை வென்று பத்தாண்டுகள் கழிந்த பிறகு.