ஹெல்மெட்டில் காது கவசம் மாட்டுவது எப்படி? கமாண்டோ வீரர் முதல் பாவூர்சத்திரம் அறுவை மில் தொழிலாளி வரை.. கவனிக்க வேண்டியது என்ன?

கமாண்டோ வீரர்களின் படங்களில் ஹெல்மெட்டின் இரு பக்கமும் கப் போன்ற ஒன்று காதை மூடியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். பார்ப்பதற்கு பாட்டு கேட்கும் ஹெட்போன் மாதிரி இருக்கும். ஆனால் அதன் முதல் வேலை சத்தத்தைத் தடுப்பதுதான்.

இதே பாதுகாப்பு தென்காசி மாவட்டம் பாவூர்சத்திரத்தில் மரம் அறுக்கும் மில்லில் நிற்பவருக்கும் தேவை. சுற்றுவட்டாரக் கல்குவாரியில் துளை போடுபவருக்கும், செயின் சாவால் மரம் வெட்டுபவருக்கும் தேவை. தலைக்கு ஹெல்மெட், காதுக்கு கவசம் என இரண்டையும் ஒரே நேரத்தில் போடும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது. இரண்டுக்கும் தலையில் இருப்பது ஒரே இடம். எப்படி மாட்டுவது, தப்பாக மாட்டினால் என்ன ஆகும் என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

எவ்வளவு சத்தம் ஆபத்து?

சத்தத்தை டெசிபல் என்ற அளவில் குறிப்பார்கள். இதில் 3 டெசிபல் கூடினாலே ஒலியின் ஆற்றல் இரண்டு மடங்காகிவிடும். அமெரிக்காவின் தொழில்சார் பாதுகாப்பு ஆய்வு நிறுவனமான நியோஷ், 8 மணி நேர வேலைக்கு 85 டெசிபல் என்ற வரம்பைப் பரிந்துரைக்கிறது. 88 டெசிபல் என்றால் 4 மணி நேரம். 91 என்றால் 2 மணி நேரம். 100 டெசிபல் என்றால் வெறும் 15 நிமிடம்தான்.

இந்தியாவில் தொழிற்சாலை விதிகள் 8 மணி நேரத்துக்கு 90 டெசிபலை வரம்பாக வைத்தன. சுரங்கம், குவாரிகளைக் கண்காணிக்கும் சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகம் 85 டெசிபலையே எச்சரிக்கை அளவாகச் சொல்கிறது.

மர அறுவை மில்லில் ரம்பம் ஓடும்போது சத்தம் 90 டெசிபலைத் தாண்டுவது சாதாரணம். செயின் சா 110 டெசிபல் வரை போகும். துப்பாக்கி கதையே வேறு. ரைபிள் வெடிக்கும்போது சுடுபவரின் காதருகே உச்ச ஒலி 150 டெசிபலுக்கும் மேல் போகும். 140 டெசிபலைத் தாண்டிய ஒரே ஒரு வெடிச்சத்தம் கூட காதை நிரந்தரமாகப் பாதிக்கலாம்.

உட்செவியில் இருக்கும் மெல்லிய முடி செல்கள்தான் ஒலியை உணர்கின்றன. அவை ஒருமுறை செத்துப்போனால் மனிதர்களுக்குத் திரும்ப முளைப்பதில்லை. போன கேள்வித்திறனை மருந்து கொடுத்து மீட்க முடியாது.

ஹெல்மெட்டில் மாட்ட 3 வழிகள்

1. தலைக்கு மேல் பட்டை: சாதாரண ஹெட்போன் மாதிரி கவசத்தை முதலில் தலையில் போட்டு, அதன்மேல் ஹெல்மெட் அணிவது. ஹெல்மெட்டைக் கழற்றினாலும் காது பாதுகாப்பு அப்படியே இருக்கும் என்பது இதன் பலம். ஆனால் பட்டை தடிமனாக இருந்தால் உச்சந்தலையில் அழுத்தும். சற்று நேரத்திலேயே தலைவலி வரும். ஹெல்மெட்டும் தூக்கிக்கொண்டு சரியாக உட்காராது. மெல்லிய, வளையும் பட்டை போட்டு, ஹெல்மெட்டின் உள்ளே இருக்கும் பஞ்சுகளை இடம் மாற்றி வைத்தால் ஓரளவு சமாளிக்கலாம்.

2. கழுத்துக்குப் பின்னால் பட்டை: கப்களை இணைக்கும் கம்பி பிடரிப் பக்கம் போகும். உச்சியில் ஒரு மெல்லிய நாடா மட்டும் கப்களைத் தாங்கும். உச்சந்தலை அழுத்தம் இல்லை. ஆனால் குப்புறப் படுத்து நிமிர்ந்து பார்க்கும்போது ஹெல்மெட்டின் பின்விளிம்பு கம்பியில் இடித்து கப் நகர்ந்துவிடும்.

3. ஹெல்மெட்டிலேயே மாட்டுவது: காதுப் பகுதி உயரமாக வெட்டப்பட்ட புதிய ரக ராணுவ ஹெல்மெட்களில் இரு பக்கமும் 'ரெயில்' எனப்படும் பள்ளம் உள்ள பட்டை இருக்கும. அதில் ஒரு கை போன்ற அடாப்டரைச் செருகி, அதன் நுனியில் கப்பை மாட்டுவார்கள். வேண்டும்போது காதில் அழுத்தலாம், வேண்டாதபோது விலக்கி வைக்கலாம். தலையில் பட்டையே கிடையாது.

மூன்றாவது முறை பார்க்க வசதியானது, ஆனால் அதற்கும் விலை உண்டு. ஹெல்மெட் ஆடினால் கப்பும் சேர்ந்து ஆடும். ஹெல்மெட்டைக் கழற்றினால் காது பாதுகாப்பும் ரேடியோ தொடர்பும் சேர்ந்தே போய்விடும். காதுப் பகுதியை வெட்டிய இடத்தில் குண்டு தடுப்பும் இல்லை. அங்கே இருக்கும் பிளாஸ்டிக் கப் சத்தத்தைத் தடுக்கும், தோட்டாவைத் தடுக்காது.

இந்தியாவில் நிலைமை என்ன?

இந்திய ராணுவத்தில் தீவிரவாத எதிர்ப்புப் பணியில் இருந்தவர்கள் பல ஆண்டுகளாக 'பட்கா' என்ற இரும்புத் தகடு வைத்த தலைக்கவசத்தைப் பயன்படுத்தினர். நெற்றியையும் பின்தலையையும் காக்கும் இந்த கனமான கவசத்தில் ஹெட்செட் மாட்ட எந்த வசதியும் இல்லை. 2017-ல் கான்பூரைச் சேர்ந்த எம்கேயூ நிறுவனத்துடன் சுமார் 1.58 லட்சம் புதிய ஹெல்மெட்களுக்கு ஒப்பந்தம் போடப்பட்டது. தகவல் தொடர்பு கருவிகளோடு சேர்த்து அணியக்கூடியவை என்பது இவற்றைப் பற்றிச் சொல்லப்பட்ட முக்கிய அம்சங்களில் ஒன்று.

காது பாதுகாப்பில் கோட்டை விட்டால் என்ன ஆகும் என்பதற்கு அமெரிக்காவே உதாரணம். அங்கு முன்னாள் ராணுவத்தினருக்கு இழப்பீடு வழங்கப்படும் பாதிப்புகளில் காது இரைச்சலும் கேள்வித்திறன் குறைவும்தான் முன்வரிசையில் உள்ளன. ராணுவத்துக்கு வழங்கிய காது அடைப்பான் சரியாகப் பொருந்தாமல் தளர்ந்துவிடுகிறது என்று லட்சக்கணக்கானோர் தொடுத்த வழக்குகளில், 3எம் நிறுவனம் 2023-ல் சுமார் 600 கோடி டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. தவறை அந்த நிறுவனம் ஒப்புக்கொள்ளவில்லை. ஆனால் வழக்கின் மையமே 'பொருந்தவில்லை' என்பதுதான்.

அட்டைப்பெட்டியில் உள்ள எண்ணை நம்பலாமா?

கவசத்தின் பெட்டியில் 25, 30 என்று ஒரு டெசிபல் எண் போட்டிருக்கும். அது ஆய்வகத்தில், சரியாக அணிவித்துப் பார்த்த எண். நடைமுறையில் அவ்வளவு கிடைக்காது என்பதால் காது கப் வகைக்கு அந்த எண்ணில் 25 சதவீதத்தைக் கழித்துக்கொள்ளச் சொல்கிறது நியோஷ்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஒரே கப், தலைப்பட்டையில் இருக்கும்போது ஒரு அளவும் ஹெல்மெட்டில் மாட்டும்போது வேறு அளவும் காட்டலாம். அழுத்தும் விசை மாறுவதே காரணம். அதனால்தான் ஐரோப்பிய தரநிலையில் தலைப்பட்டை வகைக்கு இஎன் 352-1, ஹெல்மெட்டில் மாட்டும் வகைக்கு இஎன் 352-3 என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். எந்த ஹெல்மெட்டோடு சேர்த்துச் சோதித்தார்கள் என்பதைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும்.

சரியாக மாட்டுவது எப்படி?

* வலது, இடது பார்த்து அடாப்டரைச் செருகி, பூட்டு விழும் சத்தம் கேட்கிறதா என்று உறுதி செய்யுங்கள்.
* கப்களை விலக்கி வைத்துக்கொண்டு ஹெல்மெட்டை அணிந்து, தாடைப் பட்டையை முதலில் இறுக்குங்கள். அதன் பிறகுதான் கப்பைக் காதில் வைக்க வேண்டும்.
* காது மடல் முழுவதும் கப்புக்குள் இருக்க வேண்டும். மடலின் மேல் குஷன் உட்காரக் கூடாது.
* தாடைப் பட்டை குஷனுக்கு அடியில் போகக் கூடாது. அந்தச் சின்ன இடைவெளி வழியாகவே சத்தம் உள்ளே வந்துவிடும்.
* தலையில் துண்டு கட்டி அதன்மேல் ஹெல்மெட் போடுவது நம்ம ஊரில் வழக்கம். துண்டு காதுக்கு மேலேயே நிற்கட்டும். குஷனுக்கும் தோலுக்கும் நடுவே துணி வந்தால் கவசம் போட்டும் பலன் குறைவு. தடித்த கண்ணாடிக் கொம்புக்கும் இதே கதைதான்.
* வேலை முடிந்ததும் கப்பை ஹெல்மெட்டின் மேல் அழுத்தியபடி விடாதீர்கள். குஷன் நசுங்கி வடிவம் போய்விடும். கெட்டியான, வெடித்த குஷனை உடனே மாற்ற வேண்டும்.

மில், குவாரிக்கான சாதாரண ஹெல்மெட்டில் காதுக்கு மேல் இரு பக்கமும் சிறிய துளைப் பள்ளம் இருந்தால், அதற்கேற்ற கப்பைச் செருகலாம். பள்ளம் இல்லாத ஹெல்மெட்டில் ஆணி அடிப்பது, டிரில் போடுவது கூடாது. ஓட்டை போட்ட இடத்தில் ஹெல்மெட் பலவீனமாகிவிடும். தலைக்கு இந்திய தரநிலை ஐஎஸ் 2925, காது கவசத்துக்கு ஐஎஸ் 9167 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள்.

கொஞ்ச நேரம் கழற்றி வைத்தால் என்ன?

பெரும்பாலானோர் தவறு செய்வது இங்கேதான். 30 டெசிபல் தடுக்கும் கவசத்தை 8 மணி நேரத்தில் 4 மணி நேரம் மட்டும் போட்டால் பாதிக்குப் பாதி, 15 டெசிபல் பலன் கிடைக்கும் என்று தோன்றும். உண்மையில் கிடைப்பது சுமார் 3 டெசிபல்தான். கழற்றிய நேரத்தில் காதுக்குள் போகும் ஒலி ஆற்றல் அவ்வளவு அதிகம்.

ஏன் கழற்றுகிறார்கள்? வலிக்கிறது, வியர்க்கிறது, பக்கத்தில் இருப்பவர் "ஏய், தள்ளு!" என்று கத்துவது கேட்பதில்லை. இந்த மூன்றும் நியாயமான காரணங்கள். ராணுவ ஹெட்செட்களில் இதற்காகவே வெளிப்புற மைக் இருக்கும். பேச்சை உள்ளே அனுப்பி, வெடிச்சத்தத்தை நொடிப்பொழுதில் அடக்கிவிடும். மில்லில் அந்த விலை கொடுக்க முடியாவிட்டாலும் கை சைகைகளை முன்பே பேசி வைத்துக்கொள்ளலாம். ரம்பத்தை நிறுத்திவிட்டுப் பேசலாம். சத்தம் இல்லாத இடத்துக்குப் போன பிறகு கவசத்தைக் கழற்றலாம்.

சத்தம் மிக அதிகமான இடத்தில் காதுக்குள் அடைப்பான், மேலே கப் என இரண்டும் போடலாம். இரண்டின் எண்களும் கூடாது. பெரிய எண்ணோடு சுமார் 5 டெசிபல் கூடுதலாகக் கிடைக்கும்.

காது போனால் இழப்பீடு உண்டா?

1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டத்தின் கீழ், அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய்களின் பட்டியலில் இரைச்சலால் வரும் கேள்வித்திறன் இழப்பும் சேர்க்கப்பட்டது. 1923-ம் ஆண்டு தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்திலும் இது தொழில் நோயாக இடம்பெற்றது. ஆனால் 'முன்பு எப்படிக் கேட்டது, இப்போது எப்படி' என்று காட்ட ஆவணம் வேண்டும். அதற்கு வேலைக்குச் சேரும்போதே ஆடியோகிராம் எனும் கேள்வித்திறன் சோதனை எடுத்து வைப்பது நல்லது. பிறகு ஆண்டுக்கு ஒருமுறை எடுக்கலாம். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் காது மூக்கு தொண்டைப் பிரிவில் இந்தச் சோதனை செய்கிறார்கள்.

வேலை முடிந்து வீட்டுக்கு வந்த பிறகும் காதுக்குள் 'ங்ங்' என்று இரைகிறதா? மற்றவர்கள் டிவி சத்தம் அதிகம் என்கிறார்களா? பேசுவது கேட்கிறது, ஆனால் என்ன சொல்கிறார்கள் என்று புரியவில்லையா? இரைச்சல் முதலில் பறிப்பது 4,000 ஹெர்ட்ஸை ஒட்டிய மெல்லிய ஒலிகளைத்தான். இதில் ஒன்று இருந்தாலும் காது பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம்.