ஓலைக்கூரையும் சுடுவிளக்கும்

அக்ரிலிக் மீன்தொட்டிக்கு மேலே கடுஞ்சூடு கக்கும் விளக்கை எவ்வளவு உயரத்தில், எதில் தொங்கவிடுவது என்பது இன்று ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ வாழும் தமிழர் ஒருவருக்கு எழக்கூடிய ஐயம். கேள்வி புதியதன்று. உடுவிலிலும் அதைச் சூழ்ந்த வலிகாமத்து ஊர்களிலும், பற்றக்கூடிய கூரையின்கீழ் எரியும் விளக்கை எங்கே தூக்குவது என்று தலைமுறை தலைமுறையாக எதிர்கொண்ட அதே கேள்விதான். விளக்கின் வரலாறு நம்மிடையே வெளிச்சத்தின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்திருக்கிறது. அதன் சூட்டையும் சற்று எழுதிப் பார்க்கலாம்.

1816இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசனரிமார், 1824இல் உடுவிலில் பெண்பிள்ளைகளுக்கான விடுதிப் பாடசாலையைத் தொடங்கினர். ஹரியற் வின்சுலோ அம்மையார் அதை நடத்தினார். பெண்கல்வியில் அது செய்த புரட்சி பலராலும் எழுதப்பட்டுவிட்டது. அந்த நாட்களின் இரவு வெளிச்சத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லவேண்டும். அப்போது மண்ணெண்ணெய் இங்கு இல்லை. தேங்காயெண்ணெயும் இலுப்பெண்ணெயுமே விளக்கில் எரிந்தன. தாவர எண்ணெய்க்கு ஒரு நற்குணம் உண்டு: மிகக் கடுமையாகச் சூடேறினாலன்றித் திரியின் துணையின்றி அது பற்றாது. அகல் கவிழ்ந்தால் பெரும்பாலும் சுடர் அணையும், பாய் எண்ணெய்ப் பிசுக்காகும், அவ்வளவுதான். பனையோலையும் கிடுகும் வேய்ந்த வீடுகளில் நம்மவர் இரவில் நிம்மதியாக உறங்கியதற்கு அந்தக் குணமும் ஒரு காரணம்.

1859இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் எண்ணெய்க் கிணறு தோண்டப்பட்டபின் உலகெங்கும் மண்ணெண்ணெய் பரவியது. மலிவு, கூடிய வெளிச்சம், திரியில் தானாக ஏறும் இளக்கம்: இவற்றின்முன் இலுப்பெண்ணெய் தோற்றது இயல்பே. ஆனால் கவிழ்ந்த மண்ணெண்ணெய் விளக்கு அணைவதில்லை. சிந்திய எண்ணெய் துணியிலும் பாயிலும் ஊறி, அதுவே திரியாகிவிடுகிறது. அரிக்கன் லாம்பு இதற்கு ஒரு நல்ல விடை. அடியில் அகன்ற தகரத் தாங்கி, சுடரைச் சூழ்ந்த கண்ணாடி, மேலே வளைந்த கைபிடி. அதை விலை கொடுத்து வாங்க இயலாதவர்கள் மருந்துப் போத்தலின் மூடியில் துளையிட்டுத் திரி செருகினார்கள். குப்பி விளக்கு பிறந்தது. இலங்கையின் ஏழை வீடுகளில் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகத் தீக்காயங்களை விளைத்த பொருள் அது.

அடுத்து வந்தது பெற்றோமக்ஸ். ஒஸ்திரியரான கார்ல் அவர் 1885இல் உரிமம் பெற்ற மாண்டிலையும் அழுத்தத்தில் ஆவியாகும் மண்ணெண்ணெயையும் இணைத்து, 1910ஆம் ஆண்டையொட்டி பெர்லினில் மக்ஸ் கிறெற்ஸ் உருவாக்கிய விளக்கு. கோயில் திருவிழாவும் கலியாணமும் கூத்தும் யாழ்ப்பாணத்தில் இரவைப் பகலாக்கியது அதனால்தான். ஸ்பிரிட் ஊற்றிச் சூடாக்கி, காற்றடித்து, மாண்டில் வெள்ளையாக ஒளிரும்வரை சிறுவர் கூட்டம் சுற்றி நிற்கும். அதன் சூடு முழுவதும் மேலேறுகிறது. தலையில் உள்ள இரும்புக் கவிகை கைவைக்க முடியாதபடி கொதிக்கும். அதற்கும் மேலே என்ன இருந்தது? பந்தலின் கிடுகு. கிடுகுக்குக் கீழே, வண்ணார் கட்டிய வெள்ளை. விதானத்துக்கு வேட்டி விரிப்பது நம் மங்கல மரபு. ஆயினும் தீயின் கண்ணுக்கு அது எளிதில் பற்றும் துணி மட்டுமே.

கயிற்றில் தூக்கினால் கயிறு கருகும். ஆகவே கம்பியில், கொழுக்கியிட்டு, வெள்ளைக்கு எட்டாத தூரத்தில் தாழத் தூக்கவேண்டும். மனிதத் தலைகளுக்கும் எட்டக்கூடாது. இந்த இரு எல்லைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியே விளக்குக்காரரின் தொழில்நுட்பம். எந்தப் பாடநூலிலும் இல்லாத அறிவு அது.

அந்த அறிவு தேவையற்றது என்று மின்சாரம் நம்மை எண்ண வைத்தது. சுவாலை இல்லை என்பதால் தீ இல்லை என்ற மயக்கம். 2004 ஜனவரி 23 அன்று திருவரங்கத்தில் திருமண மண்டபம் ஒன்றின் ஓலைப்பந்தல் பற்றி எரிந்து மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் மாண்டனர். வீடியோப் படப்பிடிப்புக்கான மின்னிணைப்பில் எழுந்த பொறியே காரணம் என்று அன்றைய செய்திகள் கூறின. அதே ஆண்டு யூலை 16 அன்று கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்தின் ஓலைக்கூரை எரிந்து 94 பிள்ளைகள் இறந்தனர். அங்கே அடுப்பு, இங்கே மின்கம்பி. இரண்டிலும் மேலே இருந்தது ஓலை.

யாழ்ப்பாணத்தின் கதை வேறு திசையில் திரும்பியது. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டபின் குடாநாட்டுக்குத் தெற்கிலிருந்து வந்த மின்சாரம் நின்றது. மண்ணெண்ணெய் பொருளாதாரத் தடைக்குள் சிக்கியது. உடுவிலின் வீடுகள் மீண்டும் விளக்குக்குத் திரும்பின. இம்முறை எண்ணெயைச் சொட்டுச்சொட்டாக எண்ணிக்கொண்டு. ஜாம் போத்தலின் அடியில் பஞ்சு, அது நனையுமளவுக்கு மண்ணெண்ணெய், கம்பியில் தாங்கிய மெல்லிய திரி. போத்தலின் சுவரே காற்றுக்குத் தடுப்பு. அந்த வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதிய ஒரு தலைமுறை இன்று உலகெங்கும் இருக்கிறது. 1995 ஒக்ரோபர் 30 இடப்பெயர்வில் வலிகாமமே எழுந்து நடந்தபோது அந்தப் போத்தல்களும் பல வீடுகளில் பின்தங்கியிருக்கும்.

அந்த விளக்கை வறுமையின் சின்னமாக மட்டுமே பார்க்கிறோம். பொறியியல் கண்ணோடு பார்த்தால் அது குப்பி விளக்கைவிட மேலானது. உயரம் குறைவு, அடி அகலம். எண்ணெய் பஞ்சில் ஊறிக் கிடப்பதால் கவிழ்ந்தாலும் பெருகி ஓடாது. சுவாலை பக்கச்சுவரைத் தொட்டால் கண்ணாடி வெடிக்கும் என்பது அதன் குறை. தட்டுப்பாடு சிக்கனத்தைக் கற்பித்தது. சிக்கனம் தற்செயலாகப் பாதுகாப்பையும் கொடுத்தது.

அதே ஆண்டுகளில், அதே தீவின் தெற்கில், தீக்காய நோயாளரைக் கண்டு மனம் நொந்த அறுவைச் சிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர இதே சிக்கலை எடுத்துக்கொண்டார். குட்டையான, கனத்த மார்மைற் போத்தல் அவருக்கு முன்மாதிரியாயிற்று. உருண்டு ஓடாதபடி இரு தட்டையான பக்கங்கள், கவிழ்ந்தாலும் எண்ணெய் சிந்தாதபடி திருகு மூடி. 'சுதீப' எனப் பெயரிட்டு 1992 முதல் அதைப் பரப்பினார். 1998இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. இலட்சக்கணக்கில் அவ்விளக்குகள் வழங்கப்பட்டன. விளக்குத் தவறி விழுந்தது என்றே செய்தித்தாள்கள் எழுதிவந்தன. அவரோ தவறிய கையைக் குறைகூறாமல் போத்தலைக் குறைகூறினார். அவர் பெயரை நம் பாடநூல்கள் இரு மொழிகளிலும் சொல்லவேண்டும் என்பது என் கருத்து.

இனி மீன்தொட்டி. அக்ரிலிக் 1933இல் ஜெர்மனியில் பிளெக்ஸிகிளாஸ் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. ஏறத்தாழ 105 பாகை செல்சியசில் அது இளகுகிறது. 80 பாகைக்கு மேல் நெடுநேரம் தாங்காது. ஹலோஜன் குமிழின் சுவரோ 250 பாகைக்குக் குறையாமல் இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். பவளப்பாறைத் தொட்டிகளுக்குப் பயன்பட்ட மெற்றல் ஹேலைட் விளக்கும் இவ்வகையினதே. தொட்டியின் பக்கச்சுவர்களுக்கு ஆபத்து குறைவு, உட்புறத் தண்ணீர் சூட்டை வாங்கிக்கொள்ளும். முதலில் கெடுவது மேல் விளிம்பும் அதன் குறுக்குச் சட்டங்களும்தான். இருபுறமும் காற்று, விளக்குக்கும் மிக அண்மை. நுண்வெடிப்புகள் தோன்றி, சட்டம் பிளந்து, தண்ணீரின் அழுத்தத்தில் சுவர் வெளியே வளையத் தொடங்கும். பெற்றோமக்ஸின் சூடு மேலேறியது. இங்கே பிரதிபலிப்பான் அதைக் கீழே தள்ளுகிறது. மற்றபடி பந்தலின் விதியே இங்கும் பொருந்தும். விளக்கைத் தொட்டியின் விளிம்பில் ஏற்றக்கூடாது. கூரையின் வலுவான மரத்திலிருந்தோ தனித்து நிற்கும் தாங்கியிலிருந்தோ சங்கிலியில் தூக்கவேண்டும். பிளாஸ்ரிக் கயிறு கூடாது. பெரிய விளக்குக்கு ஒரு முழத்துக்குக் குறையாத இடைவெளி வைத்துத் தொடங்கி, சில மணி நேரம் எரிந்தபின் குறுக்குச் சட்டத்தில் கைவைத்துப் பார்க்கலாம். கை பொறுக்காவிட்டால் இன்னும் உயர்த்தவேண்டும். குமிழுக்குக் கீழே வெப்பம் தாங்கும் கண்ணாடித் தடுப்பு இருக்கவேண்டும். அக்ரிலிக் மூடியை அந்த இடத்தில் வைக்கக் கூடாது.

எல்ஈடி வந்தபின் இவையெல்லாம் எதற்கு என்று கேட்கலாம். மீனுக்கு எல்ஈடி போதும். ஆனால் ஆமை வளர்ப்பவர்கள் அது குளிர்காய இன்றும் சூட்டு விளக்கையே வைக்கிறார்கள். பழைய ஹேலைட் விளக்குகளும் இரண்டாம் கையாக விற்கப்படுகின்றன. மின்கம்பியைச் சொருகிக்கு நேரே இழுக்காமல், சற்றுத் தாழத் தொங்கி வளைந்து ஏறும்படி விடுவது நல்லது. கம்பி வழியே வழியும் நீர் அந்த வளைவில் சொட்டிவிடும், சொருகியை எட்டாது.